புடவைக்கான அட்டை

கல்யாணத்துக்கு இன்னும் பதினோரு நாள் இருந்தபோது அப்பா அந்தப் புடவையைப் பார்த்துவிட்டார்.

நாற்காலியின் முதுகில் காற்றாடப் போட்டிருந்தது. வேலை முடிந்து வந்தவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "யாரோடது? நல்லா இருக்கே," என்றார்.

"அம்மாவோட கல்யாணப் புடவைப்பா. நான் கட்டிக்கப் போறேன்னு சொன்னேனே."

அப்பா பக்கத்தில் போகவில்லை. நின்ற இடத்திலிருந்தே கொஞ்ச நேரம் பார்த்தார். "ஓ," என்று சொல்லிவிட்டுக் கைகால் கழுவப் போனார்.

"ஆம்பளைங்களுக்கு இதெல்லாம் எங்க ஞாபகம் இருக்கும்," என்றாள் அம்மா அடுப்படியிலிருந்து. அவளிடம் யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை.

மகளுக்கு அந்த "ஓ" பிடிக்கவில்லை. அம்மாவின் பதில் அதைவிடப் பிடிக்கவில்லை. அப்பா பெயிண்ட் கடையில் நிறம் கலக்குபவர். சுவரிலிருந்து பெயர்ந்த ஒரு துணுக்கைக் கொண்டுவந்து நீட்டினால் போதும், அதில் எத்தனை சொட்டுக் கறுப்பு, எத்தனை சொட்டு மஞ்சள் என்று பார்த்தே சொல்லிவிடுவார். அவள் முதல் நாள் பள்ளிக்குக் கொண்டுபோன தண்ணீர் பாட்டிலின் நிறம் அவருக்கு இன்னும் தெரியும். தன் கல்யாணத்தில் பக்கத்தில் நின்றவள் என்ன நிறத்தில் நின்றாள் என்பதா மறந்துபோகும்? அதுவும் இந்த நிறம். காய்ந்த மாதுளைத் தோலின் சிவப்பு.

வீட்டில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். துணி ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்வதற்கு வெகு காலம் முன்பே வைத்த பெயர்.

இந்தக் கல்யாணத்துக்குப் புதிதாக எதுவும் வாங்குவதில்லை என்று அவளும் மாப்பிள்ளையும் முடிவு செய்திருந்தார்கள். அவர் நகரத்தின் குப்பைகள் வந்து சேரும் கிடங்கில் பொறியாளர். ஒரு கல்யாணத்துக்கு மறுநாள் லாரியில் என்னென்ன வரும் என்பது அவருக்கு மனப்பாடம். பள்ளிக்கூட மரத்தடியில், மதிய வெளிச்சத்திலேயே எல்லாம் முடிந்துவிடும். தட்டுகள் ஒரு தொழிற்சாலைக் கேன்டீனில் இரவல். வெட்டிய பூக்களுக்குப் பதில் தெரிந்தவர்கள் வீட்டுத் தொட்டிச் செடிகள். ஒவ்வொரு பொருளின் பக்கத்திலும் பழைய காலண்டர் அட்டையை வெட்டி, அது யாருடையது, எதற்குப் பயன்பட்டது என்று எழுதி வைப்பது மாப்பிள்ளையின் யோசனை. "கல்யாணமா, காயலான் கடையா?" என்று மாமா கேட்டார். ஆனாலும் தன் பழைய கூஜாவைக் கொடுத்தார். அதன் அட்டையில் தன் பெயர் பெரிதாக இருக்க வேண்டும் என்றும் சொன்னார்.

எல்லா அட்டையும் எழுதியாகிவிட்டது. புடவைக்கான அட்டை மட்டும் காலி.

புடவையைக் கேட்டபோது அம்மா முதலில் பரண்மேல் இருக்கிறது என்றாள். பிறகு பூச்சி அரித்திருக்கும் என்றாள். "பழசைக் கட்டிக்கிட்டு நிக்க நாம என்ன வக்கத்தவங்களா?" என்று ஒரு நாள் சண்டைக்கு வந்தாள். பிறகு, போன வாரம், மகள் வேலையிலிருந்து திரும்பியபோது அது அவள் கட்டிலில் மடித்து வைக்கப்பட்டிருந்தது. கல்யாணப் போட்டோவையாவது அட்டையோடு வைக்கலாம் என்றால் அதுவும் கிடையாது. ஸ்டுடியோக்காரன் ஃபிலிமைப் பாழாக்கிவிட்டான் என்பது சின்ன வயதிலிருந்து கேட்ட கதை.

புதிதாக வாங்கிப் பழசு என்று ஏமாற்றுகிறாளோ? செய்யக்கூடியவள்தான். போன மாதம் கடையில் புது டம்ளர்கள் வாங்கி, கம்பி நாரால் கீறல் விழத் தேய்த்து, "பழசுதான்டி" என்று நீட்டியவள். ஒன்றின் அடியில் விலை ஸ்டிக்கர் பாதி ஒட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் முந்தானையின் உள்மடிப்பிலிருந்து ஒரு நூலை உருவி ஆய்வகத்துக்குக் கொண்டுபோனாள். மதிய இடைவேளையில், யாரும் கேட்டால் சொல்ல ஒரு பொய்யைத் தயாராக வைத்துக்கொண்டு, சாயத்தைப் பிரித்துப் பார்த்தாள். நஞ்சு என்று தடை செய்யப்பட்டு, இப்போது யாரும் தொடாத பழைய சாயம். இந்தச் சாயமேறிய துணி வந்தால் ஆய்வகம் அதை ஆலைக்கே திருப்பி அனுப்பிவிடும். பூமிக்குக் கேடில்லாத கல்யாணத்தில் மணப்பெண் உடுத்தப்போவது இதை. அவளுக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றது.

புடவை பழையது. அம்மா அதில் பொய் சொல்லவில்லை. அப்பாவும் அதைப் பார்த்ததில்லை. இரண்டும் எப்படிச் சேரும்?

இரவல் வாங்கியிருப்பாள் என்று சாயங்காலம் வரை நம்பினாள். வீட்டுக்கு வந்து புடவையோடு வந்திருந்த ரவிக்கையை விரித்துப் பார்த்ததும் அதுவும் போயிற்று. அம்மாவின் இடது தோள் பிறவியிலேயே சற்று இறங்கியது. எந்தத் தையற்காரரிடம் போனாலும் அந்தத் தோளுக்குள் ஒரு மடிப்புத் துணி வைக்கச் சொல்வாள். இந்த ரவிக்கையின் இடது தோளிலும் ஒரு மடிப்புத் துணி இருந்தது, சிறிதும் நசுங்காமல்.

மாப்பிள்ளைக்குப் போன் செய்தாள். "புடவைக்கு மட்டும் அட்டை வேண்டாமே."

"ஒண்ணு மட்டும் இல்லைன்னா எல்லாரும் அதைப் பத்தித்தான் கேப்பாங்க," என்றார். "ஏன், என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல."

எல்லாரும் என்றால் அப்பாவும்தான். அவருக்குத் தெரியாத ஒன்றைத் தன் கல்யாணத்தில் தானே கடை பரப்பி வைக்கப்போகிறோமோ என்று நினைத்தாள். புடவையை உள்ளே வைத்துவிடலாம். ஆனால் அப்பா ஏற்கெனவே பார்த்துவிட்டார்.

அப்பா மேஜையருகே உட்கார்ந்து மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் நகங்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். இன்றைக்கு நீலம். அம்மா எதிரே உலர்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்த துண்டையே மறுபடி பிரித்து மடித்தாள். மகள் அட்டையைக் கொண்டுவந்து இருவருக்கும் நடுவே வைத்தாள்.

"இதுல என்ன எழுதணும்மா?"

"அம்மாவோடதுன்னு எழுது. போதாதா?"

"ரவிக்கையைப் பார்த்தேன்."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா துடைப்பதை நிறுத்தவில்லை.

"முந்தானையில ஒரு நூல் குறையுது," என்றார். "பூதக்கண்ணாடி வேலையை ஆரம்பிச்சாச்சு. சொல்லிடு."

"உங்களுக்கு..." என்று அம்மா இழுத்தாள்.

"எனக்குத் தெரிஞ்சதுதானே. நீ புடவையை வச்சிருக்கேன்னுதான் தெரியாது."

கோபம்போலத் தெரியவில்லை. கோபமில்லை என்றும் சொல்ல முடியவில்லை. நீலம் ஏறிய விரல்களால் பேனா மூடியைத் திறந்து மகளிடம் நீட்டினார்.

அம்மா துண்டைக் கீழே வைத்தாள். சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"உங்கப்பாவைக் கட்டிக்கிட்டப்போ உடுத்துனது மஞ்சள். உனக்குத் தொட்டில் கட்டினேன். அப்புறம் ஜன்னலுக்குத் திரையா போட்டேன். கிழிஞ்சு கிழிஞ்சு, கடைசில அடுப்பு துடைக்கிற துணியாச்சு. நீ கேட்டப்போ எடுத்துக் கொடுக்க அதுல ஒரு முழம்கூட மிச்சமில்ல."

அப்பாவின் கை நின்றிருந்தது.

"அப்போ இது?"

நாற்காலியில் கிடந்த புடவையின் முந்தானை மின்விசிறிக் காற்றில் ஒருமுறை எழுந்து அமர்ந்தது.

"இது அதுக்கு முன்னாடி வேற ஒருத்தரைக் கட்டிக்கிட்டப்போ உடுத்துனது," என்றாள் அம்மா. "அந்த ஒரு நாள்தான். அப்புறம் உடம்புல படவே இல்ல. அதான் கிழியாம இருக்கு."