கொடுத்த பெயர்

இந்தக் காலத்தில் சண்டைக்காரன்கூட வாசலுக்கு வருவதில்லை. காகிதம் அனுப்புகிறான், அடியில் ஒரு கையெழுத்து கிடையாது. எனக்கு வந்ததும் அப்படித்தான். என் வீட்டு நெட்டில் யாரோ ஒரு படத்தைத் திருட்டுத்தனமாக இறக்கிப் பார்த்தார்களாம். தேதி, மணி, வினாடி வரை போட்டிருந்தது. படக் கம்பெனி கேட்டதும் நெட்காரன் என் விலாசத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டான். இனி நான் ஆளைக் காட்டிக் கொடுக்க வேண்டுமாம், இல்லையென்றால் வழக்கு.

மாடியில் குடியிருக்கும் தையல்காரிக்கும் என் நெட்தான். காகிதத்தைக் காட்டினேன். படிக்கப் படிக்க அவள் முகம் வெளுத்தது.

“நான்தாங்கய்யா. தைக்கும்போது ஓட விட்டிருந்தேன். எம்பேரு மட்டும் வேணாம். வெளிய போச்சுன்னா அந்தாளு தேடி வந்து நிப்பான்.”

அந்தாள் அவள் புருஷன். கழுத்துத் தழும்பை நான் பார்த்திருக்கிறேன், கேட்டதில்லை.

“உசுரப் பணயம் வெச்சியே, படமாவது நல்லாருந்துச்சா?”

“பாதியில தூங்கிட்டேன்.”

கேட்பவனுக்கு ஒரு பெயர்தானே வேண்டும்? என் மனைவி பெயரை எழுதி அனுப்பினேன். அவள் போய் நான்கு வருடம். செத்தவளை எவன் கோர்ட்டுக்கு இழுப்பான்?

மூன்று வாரம் கழித்து, காலையில், கம்பெனி ஆள் ஒருவன் கையில் டேப்லெட்டோடு வந்தான்.

“அம்மா இருக்காங்களா?”

“வெளிய போயிருக்கா. ரொம்பத் தூரம்.”

அவன் சிரிக்கவில்லை. திரையைப் பார்த்துப் படித்தான். “வயசு அறுபத்தெட்டு. இடது முழங்காலுக்குத் தைலம் தேடியிருக்காங்க. நேத்து சாயங்காலம் உங்க போட்டோவைப் பெரிசு பண்ணிப் பாத்திருக்காங்க. இப்பவும் லைன்லதான் இருக்காங்கய்யா.”

அவள் போனது அறுபத்து நான்கு வயதில். இவர்கள் கணக்கில் அவளுக்கு இன்னும் வயது ஏறிக்கொண்டிருக்கிறது. முழங்கால் வலியை அவள் என்னைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. நான் எழுதியதோ பெயர் ஒன்றுதான்.

செத்துவிட்டாள் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால், பார்த்தது யார் என்று அடுத்த கேள்வி வரும். மாடியில் மிஷின் சத்தம் நின்றிருந்தது.

“படத்தப் பாத்தது அவங்கதானே?” என்றான்.

“அவதான்.”

“அப்போ அடுத்த மாசம் நேர்ல ஆஜராகணும்.”

“லைன்ல இருக்கான்னியே, அவகிட்டயே சொல்லு.”

செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன். பின்னால் அவன் குரல் தாழ்ந்தது. “வணக்கம்மா,” என்றான். கொஞ்சம் இடைவெளி. “ஆமாம்மா.” மறுபடி இடைவெளி. “சரிங்கம்மா, ஐயாகிட்ட சொல்றேன்.”

சம்பளத்துக்கு நடிக்கிறான், வேறென்ன. நான் நிற்கவில்லை.