விருந்தாளி வைஃபை

கிட்ட வந்து உட்காருங்கள், என் கண்ணுகளே. கால் நீட்ட இடம் இல்லாவிட்டால் பக்கத்தில் இருப்பவர் மடியில் நீட்டிக்கொள்ளுங்கள், ஒன்றும் தேய்ந்துபோகாது. அப்பா செத்துக் கிடந்த அன்றைக்கு ஒரு மகள் ஸ்டூல் மேல் ஏறி நின்ற கதையைச் சொல்லப்போகிறேன். சாவுக் கதை என்று பயந்துகொள்ள வேண்டாம். சாவு பாட்டுக்கு ஓரமாகப் படுத்திருக்கும்.

கூடத்தில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். உள்ளறையில் பெரியவள் ஸ்டூலில் நின்று, அலமாரி உச்சியில் இருந்த, வாசல் கேமராவின் படம் பதியும் பெட்டியின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். கம்பி கெட்டியாகத்தான் சொருகியிருந்தது. பச்சை விளக்கும் கண் சிமிட்டியது.

அம்மா அறை வாசலில் வந்து நின்றாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"ஏண்டி, அந்த மனுஷனை அங்க போட்டுட்டு இங்க ஒட்டடை அடிக்கிறியா?"

"போன ஞாயித்துக்கிழமை வாசல்ல நடந்தது இந்தப் பெட்டிக்குள்ள இருக்கும்மா. அதைத்தான் தேடறேன்."

அம்மா வந்து ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள்.

அப்பா மின்சார மீட்டர் கணக்கெடுத்து ஓய்வு பெற்றவர். தெருவில் அவருக்கு மீட்டர்காரர் என்றே பெயர். அதே ஆபீசில் யார் யார் காலையோ பிடித்துச் சின்னவனுக்கும் ஒரு வேலை வாங்கிக்கொடுத்திருந்தார். சின்னவன் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல் அதை விட்டுவிட்டு, சிநேகிதனோடு கூட்டுச் சேர்ந்து வண்ண மீன் கடை வைத்தான். விஷயம் போன ஞாயிற்றுக்கிழமை வெடித்தது. "மீனுக்குத் தண்ணி மாத்தவாடா உன்னைப் படிக்க வெச்சேன்?" என்று ஆரம்பித்தது, வார்த்தை வார்த்தையை இழுத்துக்கொண்டு போய், "இனிமே என் பொணத்துக்குக்கூட இந்த வாசப்படி மிதிக்காத" என்பதில் முடிந்தது. "மிதிக்கல" என்று சின்னவன் பைக்கை உதைத்துக் கிளம்பிப் போனான். அப்போது விளையாட்டுக்குக்கூட யாரும் நினைக்கவில்லை, வாரம் திரும்புவதற்குள் அப்பாவின் நெஞ்சு நின்றுவிடும் என்று.

இப்போது அவன் எதிர்ச்சாரியில், பைக்கில் சாய்ந்து, ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். காலையிலிருந்து அதே நிலை. நாலு மணிக்குச் சுடுகாட்டு வண்டி வந்துவிடும். அவன் தூக்காமல் அப்பாவை யார் யாரோ தூக்கிக்கொண்டு போவார்கள். அதற்கப்புறம் ஆயுசு முழுக்க அவன் இந்த வீட்டுக்கு வர முடியாது. பெரியவளுக்கு அது உள்ளங்கை நெல்லிக்கனி மாதிரித் தெரிந்தது.

மாமா இரண்டு தடவை போய்ப் பேசிப் பார்த்தார்.

"வராதன்னு சொன்னது அவருதான மாமா. அவரே வான்னு சொல்லட்டும், வரேன்."

மாமா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

அம்மாவும் சொல்லி அனுப்பினாள்: "நீ போனதும் உன் பின்னாலயே வாசலுக்கு வந்தாருடா." அவன் நம்பவில்லை. நம்ப வைக்க அம்மாவாலும் ஆகாது, ஏனென்றால் அந்த வீட்டில் ஒருவர் பேச்சை மற்றவருக்குக் கொண்டுபோகும்போது சர்க்கரை கலப்பதே அவள் தொழில். "அந்தக் கழுதை எங்க போய்த் தொலைஞ்சுது?" என்று அப்பா கேட்டால், "அப்பா உன்னைத் தேடினாருடா" என்று போய்ச் சேரும். பெரியவளுக்கே சந்தேகம்தான். அப்பா உண்மையில் வெளியே வந்தாரா, இல்லை இதுவும் சர்க்கரையா?

கேமராவுக்குத் தெரியும். தலைவாசலுக்கு மேலே அப்பா தன் கையாலேயே மாட்டியது. ஒரு வாரப் படம் பெட்டிக்குள் தங்கும். அப்பாவின் போனில் பார்த்திருக்கலாம், ஆனால் அது பூட்டிக் கிடந்தது. அவர் விரலை வைத்தால் திறக்குமே என்று யாரோ சொன்னார்கள். பெரியவள் காதில் வாங்காதவள் போல வந்துவிட்டாள்.

மிச்சம் இருந்த வழி பிரவுசர்தான். பெட்டியின் மேல் அப்பா ஒட்டியிருந்த சீட்டில் அதன் விலாச எண் இருந்தது. தன் போனில் அதை அடித்துப் பார்த்தாள். 'இந்தப் பக்கத்தை அடைய முடியவில்லை' என்று வந்தது. இன்டர்நெட் கம்பெனி ஒன்றின் உதவி எண்ணில் வேலை பார்ப்பவள் அவள். ஊரார் வைஃபைக்கெல்லாம் போனிலேயே வைத்தியம் சொல்கிறவள். மொபைல் டேட்டாவை அணைத்தாள். பிரவுசர் தானாக முன்னால் சேர்த்துக்கொள்ளும் பாதுகாப்பு எழுத்தை, https-இல் வரும் அந்த எஸ்ஸை, வீட்டுப் பெட்டிகள் பல ஏற்காது என்று அதை நீக்கி அடித்தாள். வேறு பிரவுசரில் அடித்தாள். கிணற்றில் போட்ட கல்.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணேன். அவர் எதுக்கும் அதைத்தான் பண்ணுவாரு" என்றாள் அம்மா.

"பண்ணிட்டேன்மா."

"என்னையும் அப்படிப் பண்ண முடிஞ்சிருந்தா பண்ணியிருப்பாரு." சொல்லிவிட்டு அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

போன் செய்கிற எல்லாரிடமும் முதலாவதாகக் கேட்கும் கேள்வியைப் பெரியவள் அப்போதுதான் தன்னிடம் கேட்டுக்கொண்டாள். நீங்கள் எந்த வைஃபையில் இருக்கிறீர்கள்?

பார்த்தாள். 'விருந்தாளி' என்றிருந்தது.

அப்பா இன்டர்நெட் வரும் ஒரே பெட்டியில் இரண்டு வைஃபை வைத்திருந்தார். ஒன்றுக்கு 'வீடு' என்று பெயர், இன்னொன்றுக்கு 'விருந்தாளி'. விருந்தாளியில் இருந்தாலும் இன்டர்நெட் தாராளமாக வரும். ஆனால் வீட்டுக்குள் இருக்கும் கேமரா, பிரிண்டர், டிவி எதுவும் கண்ணில் படாது. கூடத்தில் உட்காரலாம், சமையலறை டப்பாவைத் திறக்கக்கூடாது என்கிற மாதிரி. அவளுக்குக் கல்யாணமாகி, ஒரு தடவை வந்திருந்தபோது, "புதுப் பெட்டி போட்டிருக்கேன், போனைக் குடு" என்று வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அப்பாவே பாஸ்வேர்டு அடித்துக் கொடுத்தார். அவளும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டாள். என்ன பெயர் என்று பார்க்கத் தோன்றவில்லை.

ஸ்டூலிலிருந்து இறங்கி, அதன் மேலேயே உட்கார்ந்தாள்.

"என்னடி?"

"ஒண்ணுமில்லம்மா. வீட்டு வைஃபை பாஸ்வேர்டு உனக்குத் தெரியுமா?"

"எனக்கெதுக்கு அது? என் போன்ல பட்டன்தான் இருக்கு."

கம்பி போட்டுப் பார்க்க வீட்டில் கம்ப்யூட்டரும் கிடையாது. வைஃபை பெட்டியின் பின்னால் ஒரு பொடித் துளை உண்டு. அதில் ஊசியைக் குத்தினால் எல்லாம் புதிதாகிவிடும், ஆனால் அப்பா செய்துவைத்ததெல்லாம் அழிந்துபோகும். கூடத்தில் அவர் இன்னும் படுத்திருக்கும்போது அவளால் அதைச் செய்ய முடியவில்லை.

'வீடு' இருந்த போன் இன்னும் ஒன்றே ஒன்றுதான். போன வாரம்வரை இந்த வீட்டில் இருந்தவனுடையது. அதிலும் ஒரு சிக்கல். மாடிக்குக் குடிவந்தவர்கள் நாளெல்லாம் சினிமா பார்க்கிறார்கள் என்று தெரிந்த அன்று சாயங்காலமே பாஸ்வேர்டை மாற்றிய மனிதர் அப்பா. பிணத்துக்குக்கூட வராதே என்று சொன்னவர் மாற்றாமலா விட்டிருப்பார்?

பெரியவள் தெருவைக் கடந்தாள்.

"போனைக் குடுடா."

"எதுக்கு?"

"அம்மா சொன்னது நெஜமா பொய்யான்னு பாக்க. கேமரால இருக்கும்."

அவன் ஹெல்மெட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான். "பொய்யா இருந்தா?"

"இங்கயே நில்லு. டீ கொண்டாந்து தரேன்."

பூட்டைத் திறந்து கொடுத்தான். அவள் வாங்கிக்கொண்டு நடந்தாள்.

"போனைத் தூக்கிட்டு எங்க போற?"

"இங்க எட்டாதுடா. கேட்டுக்குள்ள வா."

"நான் உள்ள வரமாட்டேன்கா."

"வீட்டுக்குள்ள யாருடா கூப்பிட்டா? கேட்டுக்குள்ளதான வரச்சொன்னேன். மிதிக்காதன்னு சொன்னது வாசப்படியை. கேட்டைச் சொல்லலையே."

வக்கீல் பேச்சுத்தான். அவன் யோசித்தான். பிறகு வந்து, கேட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு காலும் அந்தப் பக்கம் ஒரு காலுமாக நின்றான்.

அவள் கையில் இருந்த போனில் வைஃபை குறி எழும்பியது. யாரும் எதையும் அடிக்கவில்லை. 'வீடு' என்று வந்தது.

"மாத்தலையா?" என்றான்.

"மாத்தல."

எண்ணை அடித்ததும் பக்கம் திறந்தது. கேமராவுக்கு வேறு பாஸ்வேர்டு கேட்டது. தலைவாசலில் வந்து நின்ற அம்மா, "அது என் பொறந்த வருஷம்" என்றாள்.

"எந்த வருஷம்மா?"

அம்மா சுற்றிலும் துக்கத்துக்கு வந்து நின்றவர்களைப் பார்த்தாள். பிறகு இறங்கி வந்து மகள் காதில் சொன்னாள்.

படத்தில் சத்தம் இல்லை. பைக் கிளம்பிப் போகிறது. திறந்துபோட்ட கேட்டு. காலித் தெரு. காலித் தெரு. காலித் தெரு.

"பாத்தியா" என்றான் சின்னவன்.

"இருடா."

கேமராவுக்கு நேர் கீழே ஒரு வழுக்கைத் தலை வந்தது. அப்பா. கையில் வாய் கட்டிய குப்பைப் பை. கேட்டுக்கு வெளியே போய்த் தூணோரமாகப் பையை வைத்தார். நிமிர்ந்தார். பைக் போன பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். தெருவில் போன யாரோ நின்று ஏதோ கேட்டார்கள். அப்பா பையைக் கை காட்டினார். அவர்கள் தலையாட்டிவிட்டுப் போனார்கள். அப்பா போகவில்லை. பெரியவள் படத்தை வேகமாக ஓட்டினாள். வெளிச்சம் மங்கியது. தெருவிளக்கு எரிந்தது. கேட்டுக் கம்பியைப் பிடித்தபடி நின்றார். அப்புறம் குனிந்து, பையை எடுத்துக்கொண்டு, வீட்டுக்குள் திரும்பினார்.

சின்னவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை குப்பை வண்டி வராதேக்கா."

"வராது."

தெருமுனையில் சுடுகாட்டு வண்டி திரும்பிக்கொண்டிருந்தது. அவன் ஹெல்மெட்டைத் தூண் மேல் வைத்துவிட்டு, வாசற்படி ஓரம் குனிந்து ஷூக் கயிற்றை அவிழ்த்தான். முடிச்சு இறுகிப்போயிருந்தது. நேரம் பிடித்தது. உள்ளே தலைமாட்டில் நின்ற மாமா, ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு நகர்ந்து இடம் விட்டார்.

அவ்வளவுதான், என் கண்ணுகளே. எழுந்து பத்திரமாகப் போய்வாருங்கள். உங்கள் வீடுகள் நிறைந்திருக்கட்டும். கோபித்துக்கொண்டு போகிறவர்கள் தெருமுனையில் ஒரு தடவை திரும்பிப் பார்க்கட்டும். பார்க்கும்போது வாசலில் ஆள் இருக்கட்டும்.