இடக்கை கிட்டார்

ஒரகடத்துக் கார் தொழிற்சாலையில், பெயிண்ட் பிரிவில் கலைமதிக்கு ஒன்பது வருஷம். லைனில் வரும் காரின் மேல் விரலை ஓட்டியே கண்ணுக்குத் தெரியாத தூசியைச் சொல்லிவிடுவாள். அவள் கணவன் திருமலை வேறொரு கம்பெனியில் பிரஸ் மெஷின் ஓட்டியவன். விடுமுறைகளில் கல்யாணக் கச்சேரிக்குக் கிட்டார் வாசிப்பான். போன ஆடியில் இடக்கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் மெஷினோடு போயின. இரண்டுமே கம்பியை அழுத்திப் பிடிக்கிற விரல்கள். புண் ஆறியதும் கிட்டாரை உறையில் போட்டுப் பரணில் ஏற்றிவிட்டான்.

ஒருநாள் சாப்பிடும்போது அவள் மெதுவாகக் கேட்டாள். "வலக்கையால அழுத்தினு, இடக்கையால மீட்டுனா இன்னாங்க?"

"அதுக்கு கம்பிய திருப்பிக் கட்டி, உள்ள இருக்கிற கட்டையெல்லாம் மாத்தி வெக்கணும் மதி. அந்த மாரி கிட்டாரு இங்க எங்க கெடைக்கும்?"

"நான் செய்றேன்."

திருமலை சிரித்தான். விரல்கள் போன பிறகு அவன் சிரித்தது அதுதான் முதல் தடவை.

பிள்ளைப்பாக்கத்தில் அவர்கள் குடியிருந்த வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. காலை ஷிப்ட் முடிந்து வந்தால், பழைய கிட்டாரை எதிரே வைத்து அளவெடுத்தபடி, பொழுது சாயும்வரை அவள் அங்கேதான். தொழிற்சாலைக்கு வெளிநாட்டு மெஷின் வந்த பெட்டியில் நேரான ரேகை ஓடிய பைன் பலகை கிடைத்தது, அது முகப்புக்கு. பக்கங்களுக்குப் பலா. மெல்லிசாக அறுத்த பலாப்பலகைப் பட்டையை நனைத்து, சூடான இரும்புக் குழாயில் வைத்து அழுத்தினாள். முதல் பட்டை படக்கென்று முறிந்தது. இரண்டாவது ஆவி விட்டபடி, தூக்கத்தில் புரண்டு படுக்கிறவளைப் போல மெல்ல வளைந்து கொடுத்தது. கொட்டகை முழுக்கப் பழவாசனை. அவளுக்கு நேரம் போனதே தெரியவில்லை.

கிட்டாரின் உடம்பு சேர்ந்ததும் தனக்குத் தெரிந்த வேலையைச் செய்தாள். கார் வார்னிஷை நான்கு கோட் அடித்தாள். முகம் பார்க்கலாம் போல மின்னியது. கழுத்தும் கம்பியும் பூட்டியதும் திருமலை தட்டிப் பார்த்தான். போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல ஒரு சத்தம். அவன் கிட்டாரை மெல்ல அவளிடமே நீட்டினான். அதுதான் அவளுக்கு வலித்தது.

மறுநாள் கம்பிகளைக் கழற்றிவிட்டு, மரத்தை அதிரவிடாமல் அமுக்கிய அந்தப் பளபளப்பை உப்புத்தாளால் தேய்க்கத் தொடங்கினாள். ஒன்பது வருஷமாகக் கீறலைத் தவிர்க்கக் கற்ற கை. கீறல் விழுந்த ஒவ்வொரு இடத்திலும் கூசியது. நான்காம் நாள் திருமலை கொட்டகைக்கு வந்து, முகப்பை விரல் முட்டியால் தட்டிக் காதை வைத்தான்.

"இங்க இன்னும் தடியா கீது. இன்னும் கொஞ்சம் எடு."

அவன் தட்டுவான், அவள் இழைப்பாள். ஒரு வாரம் அப்படியே போனது. பிறகு ஸ்பிரிட்டில் கரைத்த அவலரக்கை, மரச்சாமானுக்குப் பூசும் அந்த மெல்லிய அரக்கை, துணிப் பொதியில் தொட்டு, வட்டம் வட்டமாகத் தேய்த்தாள். வெளியே ஐப்பசித் தூறல். கை சுற்றச் சுற்ற, பலாவின் மஞ்சள் அடியிலிருந்து தேன் ஊறுவதுபோல மேலே வந்தது. தான் எங்கே இருக்கிறோம் என்பதையே சிறிது நேரம் மறந்துபோனாள். கார்களில் அவள் பார்த்த மினுக்கு வேறு. இது சூரியன் இறங்கும் ஏரித் தண்ணீர்.

கம்பி கட்டிய அன்று திருமலையின் வலக்கை விரல்கள் தடுமாறின. பத்துத் தடவைக்கு மேல் பிசகிய பின், ஒரு முறை அவன் அழுத்திய மூன்று கம்பிகளும் சேர்ந்து சுத்தமாகப் பேசின. கலைமதி கிட்டாரின் முதுகில் உள்ளங்கையை வைத்திருந்தாள். மரத்தின் நடுக்கம் அவள் முழங்கைவரை ஏறியது.

"விரல் எரியுது மதி" என்றான் திருமலை. நுனிகளை ஊதிக்கொண்டு, மறுபடியும் கம்பியில் வைத்தான்.