மூக்கரும் தங்கையின் காரும்

அந்தத் தெருவில் அவருடைய பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. மூக்கர் ஒர்க்‌ஷாப் எங்கே என்று கேட்டால் கடைக்குக் கடை வழி சொல்லுவார்கள். மூக்கு ஒன்றும் பிரமாதமான மூக்கு இல்லை, எல்லாருக்கும் இருக்கிற அளவுதான். ஆனால் வண்டி வாசலில் வந்து நின்றதும் பானட்டைக்கூடத் திறக்காமல் சைலன்சர் பக்கம் ஒரு தடவை குனிந்து நிமிர்வார். ஆயில் எரிகிறதா, கிளட்ச் கருகுகிறதா, ரேடியேட்டர் தண்ணீர் என்ஜினுக்குள் போகிறதா என்று சொல்லிவிடுவார். சொன்னால் சொன்னதுதான். மற்றவர்கள் கம்ப்யூட்டரைச் சொருகி அரை நாள் பார்க்கிற விஷயத்தை இவர் ஒரு மூச்சில் முடித்துவிடுகிறார் என்று ஊரில் பேச்சு.

அந்த மூக்கு போய் நாலு மாதம் ஆகிவிட்டது. ஐந்து நாள் காய்ச்சல் வந்தது. போகிற காய்ச்சல் சும்மா போகாமல் வாசனையையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. நாளைக்கு வந்துவிடும், அடுத்த வாரம் வந்துவிடும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். வரவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. மூக்கர் என்று பெயர் வாங்கிவிட்டு எனக்கு வாடை தெரியாது என்று எந்த முகத்தோடு சொல்வது? அதைவிடப் பெரிய பயம் வீட்டுக்காரம்மா. ஒர்க்‌ஷாப்பின் முன்பக்கத்தில் ஸ்பேர் பார்ட்ஸ் கடையைக் கவனித்துக்கொள்வது அவள்தான். பெட்ரோல் கசிந்தால்கூடத் தெரியாத ஆளுக்கு ஸ்பேனர் எதற்கு என்று கேட்டு, ஷட்டரை இழுத்து மூடிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். முப்பது வருடத் தொழில் அன்றோடு முடிந்துவிடும்.

அதனால் மனுஷன் நடிக்கக் கற்றுக்கொண்டார். வழக்கம்போலக் குனிவார், நிமிர்வார், நெற்றியைச் சுருக்குவார். பிறகு ப்ளக்கைக் கழற்றி நிறம் பார்த்து, ஆயிலை விரலில் தேய்த்து, என்ஜின் சத்தத்துக்குக் காது கொடுத்து, எப்படியோ ஒப்பேற்றிக்கொண்டிருந்தார். அதில் பாதி வித்தை அவருக்கே புதிது.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு திங்கட்கிழமை தங்கை காரைக் கொண்டுவந்து நிறுத்தினாள். அவள் நர்ஸ். படுக்கையில் கிடக்கிறவர்களின் வீடுகளுக்கே போய்ப் புண்ணுக்கு மருந்து கட்டுவது, ஊசி போடுவது என்று நாள் முழுவதும் சுற்றுகிறவள். கார்புரேட்டர் ஒழிந்து ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வந்த புதிதில் செய்த சின்னக் கார் அது. அதற்குக் குட்டி என்று பெயர் வைத்திருந்தாள். குட்டிக்கு இப்போது பத்தொன்பது வயது.

அவள் புகார்ப் பட்டியலை இறங்கும்போதே ஆரம்பித்துவிட்டாள். போன மாதத்தைப் போல இரண்டு மடங்கு பெட்ரோல் குடிக்கிறதாம். ஸ்டார்ட் செய்தால் கறுப்புப் புகையாம். சிக்னலில் பக்கத்து ஸ்கூட்டர்காரன் அவளைக் கொலைகாரியைப் பார்க்கிற மாதிரி பார்த்தானாம். புகைச் சோதனையிலும் ஃபெயில். வெள்ளிக்கிழமை இன்னொரு வாய்ப்பு இருக்கிறது, அதிலும் தோற்றால் குட்டி ரோட்டில் ஓடக்கூடாது என்று எழுதிக் கொடுத்துவிடுவார்களாம். அண்ணன் இருக்கும்போது தனக்கென்ன கவலை என்று முடித்துவிட்டு, சாவியை அவர் சட்டைப் பையில் போட்டாள்.

மூக்கர் குனிந்தார், நிமிர்ந்தார். ஒன்றும் தெரியவில்லை. சைலன்சர் வாயில் அப்பியிருந்த கரியைப் பார்த்துவிட்டு, "ரிச்சா ஓடுது" என்றார். அதாவது காற்றுக்குத் தேவையான அளவைவிடப் பெட்ரோல் அதிகமாகப் போய், எரியாமல் புகையாக வருகிறது. இதைச் சொல்ல மூக்கே வேண்டாம். எதனால் அதிகமாகப் போகிறது என்பதுதான் கேள்வி.

முறையாகத்தான் ஆரம்பித்தார். ப்ளக் நாலும் காய்ந்த கரியாக இருந்தன. நாலுமே அப்படி என்பதால் கோளாறு ஏதோ ஒரு சிலிண்டரில் இல்லை, எல்லாவற்றுக்கும் பொதுவான இடத்தில். ஏர் ஃபில்டர் சுத்தம். அடுத்தது பிரஷர் ரெகுலேட்டர். பெட்ரோலின் அழுத்தத்தை அளவாக வைத்திருக்கிற சின்ன டப்பா அது. உள்ளே மெல்லிய ரப்பர் தாள் இருக்கும், மேலிருந்து ஒரு சின்னக் குழாய் என்ஜினுக்குப் போகும். தாள் கிழிந்துவிட்டால் பெட்ரோல் அந்தக் குழாய் வழியாகக் கள்ளத்தனமாக என்ஜினுக்குள் போய்ச் சேரும். கண்டுபிடிப்பது சுலபம், குழாயைக் கழற்றி மோந்து பார்த்தால் போதும். பெட்ரோல் வாடை வரவே கூடாது.

மூக்கர் குழாயைக் கழற்றினார். மூக்கருகே வைத்து இழுத்தார். வாடை இல்லை. சுத்தம் என்று தலையாட்டிவிட்டுக் குழாயை மாட்டினார். ரெகுலேட்டர் நல்லாயிருக்கு என்று முன்பக்கம் இருந்த மனைவிக்குக் குரலும் கொடுத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போனார். முட்டாள் இல்லை அவர். ஆனால் முப்பது வருடமாகச் செய்த காரியத்தைக் கை செய்து முடித்துவிட்டது. புத்தி பக்கத்திலேயே நின்று வேடிக்கை பார்த்தது.

செவ்வாய்க்கிழமை டெம்பரேச்சர் சென்சாரை மாற்றினார். என்ஜின் சூடானது தெரியாமல் அது பொய் சொன்னால், காருக்குள் இருக்கும் கம்ப்யூட்டர் குளிர்ந்த என்ஜினுக்கு ஊற்றுவது போலப் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். அது பொய் சொல்லவில்லை. புதன்கிழமை சைலன்சர் குழாயில் இருந்து புகையை அளந்து சொல்லும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றினார். அரை மணி நேரம் குட்டி சமர்த்தாக ஓடியது. பிறகு பழைய குருடி கதவைத் திறடி கதைதான், கறுப்புப் புகை.

மூன்றாவது பார்ட் கேட்டுக் கடைப்பக்கம் போனபோது மனைவி உடனே எடுத்துக் கொடுக்கவில்லை. "நீங்க ஒண்ணொண்ணா மாத்திப் பார்க்கிற ஆள் இல்லையே" என்றாள். குரலில் குத்தல் ஒன்றும் இல்லை, கவலைதான் இருந்தது. வண்டி பழசு, அதுதான் என்று முணுமுணுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினார். நம் கதை முடிந்தது என்று மனசுக்குள் அடித்துக்கொண்டது.

வியாழக்கிழமை பத்து மணிக்குத் தங்கை வந்தாள். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. மூக்கர் அதன்மேல் கவிழ்ந்து கிடந்தார். அவள் உள்ளே இரண்டடி வைத்ததும் முகத்தை மூடிக்கொண்டு பின்வாங்கினாள்.

"எப்படிண்ணே இதுக்குள்ள நிக்கிறே? எனக்குக் கண்ணே எரியுது."

"ஆமா, கொஞ்சம் வாடைதான்" என்றார் மூக்கர், நிமிராமலே.

கண் எரிகிற நாற்றம் இவருக்குக் கொஞ்சமா என்று அவளுக்குச் சந்தேகம் தட்டியது. என்ஜினை நிறுத்தினாள். கதவை அகலத் திறந்தாள். கைப்பையில் இருந்து பஞ்சை எடுத்தாள். சின்ன வயதில் அவளுக்கு முள் எடுத்துவிட்டவர் அவர்தான். இப்போது அவள் அவரை ஸ்டூலில் உட்காரவைத்துக் கண்ணை மூடச் சொன்னாள். எதற்கு என்று கேட்டதற்கு, சொன்னதைச் செய் என்று பதில் வந்தது. நோயாளிகளிடம் பேசுகிற குரல் அது, எதிர்த்துப் பேச இடமில்லாத குரல். மூடினார். மூக்கின் கீழே ஈரப் பஞ்சு வந்து நின்றது.

"இது என்ன, சொல்லு."

நர்ஸ் பையில் வேறு என்ன இருக்கும்? ஆழமாக இழுத்துவிட்டு, "ஸ்பிரிட்டு" என்றார் உறுதியாக. போதாதென்று, "நல்லா காட்டமா இருக்கு" என்றும் சேர்த்தார்.

"தண்ணிண்ணே. வெறும் தண்ணி."

மூக்கர் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் அழுதுவிடுவோம் என்று தோன்றியது. எத்தனை நாளாக என்று கேட்டாள், சொன்னார். அண்ணிக்குத் தெரியுமா என்று கேட்டாள், இல்லை என்று தலையை ஆட்டினார். பிறகு அவள் திட்டினாள் பாருங்கள், அப்படி ஒரு திட்டு. பெட்ரோல் ஆறாய் ஓடுகிற இடத்தில், பக்கத்தில் வெல்டிங் மெஷினை வைத்துக்கொண்டு, மூக்கில்லாமல் நாலு மாதம் நின்றிருக்கிறாயே, நீ போய்விட்டால் நான் யாரை அண்ணே என்று கூப்பிடுவேன் என்று கேட்டாள். திட்டி ஓய்ந்த பிறகு அவர் தோளில் கை வைத்து, காய்ச்சலுக்குப் பின் இப்படிப் பலருக்கு வருவதுதான், டாக்டரைப் பார்க்க வேண்டும், மூக்குக்குப் பயிற்சி இருக்கிறது, திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றாள். பொய் சொல்லித் தேற்றுகிற வழக்கம் அவளுக்குக் கிடையாது. அதனாலேயே அவருக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

"சரி, இதுல எதையெல்லாம் மோந்து பார்த்து நல்லாயிருக்குன்னு விட்டே?"

மூக்கர் ஸ்டூலைவிட்டு எழுந்த வேகத்தில் ஸ்டூல் உருண்டது. ரெகுலேட்டர் குழாயைப் பிடுங்கி அவளிடம் நீட்டினார். அவள் மோந்து பார்க்கத் தேவையே இருக்கவில்லை. குழாயின் முனையிலிருந்து பெட்ரோல் சொட்டு அவள் செருப்பின் மேலேயே விழுந்தது. திங்கட்கிழமையே கண்ணால் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். மூக்கைக் கேட்டுவிட்டுக் கண்ணைக் கேட்காமல் விட்டதுதான் தப்பு. மூக்கருக்குச் சிரிப்பும் அவமானமும் சேர்ந்து வந்தன.

புது ரெகுலேட்டர் வேண்டும். அது இருப்பது முன்பக்கத்துக் கடையில், மனைவிக்குப் பின்னால் மூன்றாவது தட்டில். நானே போய் வாங்கி வருகிறேன் என்று தங்கை கிளம்பினாள். அவளை நிறுத்திவிட்டு அவரே போனார். பத்தடி தூரம்தான். இடுப்பில் செருகியிருந்த துணியால் கையை மூன்று தடவை துடைத்துக்கொண்டார்.

கேட்டதும் மனைவி நிமிர்ந்தாள். "ரெகுலேட்டரா? அதைத்தானே முதல் நாளே மோந்து பார்த்து நல்லாயிருக்குன்னீங்க?"

"எனக்கு வாடை தெரியல. காய்ச்சல் வந்துச்சே, அப்போலேருந்து. உன்கிட்ட சொன்னா கடையை மூடிடுவியோன்னு பயந்துட்டேன்."

அவள் திரும்பி, மூன்றாவது தட்டிலிருந்து டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தாள். ஷட்டர் பக்கம் பார்க்கக்கூட இல்லை. அவர் பின்னாலேயே ஒர்க்‌ஷாப்புக்கு வந்து, மாட்டி முடிக்கும் வரை நாத்தனார் பக்கத்தில் கைகட்டி நின்றாள்.

என்ஜினைக் கிளப்பினார். சத்தம் சீராக இருந்தது. ஆனால் வாடை போய்விட்டதா என்று அவருக்கு எப்படித் தெரியும்? அவர் கேட்பதற்குள் மனைவியே சைலன்சர் பக்கம் போய், புடவையைச் செருகிக்கொண்டு, அவரைப் போலவே குனிந்து நிமிர்ந்தாள். இங்கே பரவாயில்லை என்றாள். முன்பக்கம் வந்து ஆயில் அளக்கிற கம்பியை உருவி முகர்ந்தாள், முகம் கோணியது. "ஆயில்ல பெட்ரோல் நாறுது. இதை மாத்தாம அனுப்பினா நாளைக்கும் ஃபெயில்தான்." உண்மைதான். இத்தனை நாளாக எரியாத பெட்ரோல் கீழே இறங்கி ஆயிலோடு கலந்திருந்தது, அந்த ஆவியே என்ஜினுக்குள் திரும்பிப் போய்ப் புகையாகும். அந்த அவசரத்தில் மூக்கர் அதை மறந்தே போயிருந்தார். பார்ட் விற்கிற இடத்தில் உட்கார்ந்துகொண்டே இவள் இவ்வளவு கற்று வைத்திருக்கிறாளே என்று நினைத்துக்கொண்டே புது ஆயில் டின்னை எடுக்கப் போனார்.

ஆயில் மாற்றினார்கள். வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்குத் தங்கை போன் செய்தாள். குட்டி பாஸ். சோதனைக்காரர் கருவியில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து இரண்டு தடவை குழாயைச் செருகிப் பார்த்தாராம். மருத்துவமனையில் செவ்வாய்க்கிழமைக்கு அண்ணனுக்கு நேரம் வாங்கிவிட்டாளாம், வராவிட்டால் வீட்டுக்கே வந்து இழுத்துப் போவாளாம்.

போனை வைத்துவிட்டு மூக்கர் கடைப்பக்கம் போய் மனைவிக்கு எதிரே உட்கார்ந்தார். வெல்டிங் இனி இன்னொரு ஆள் பார்க்கட்டும், மோந்து பார்க்கிற வேலையை நான் பார்க்கிறேன் என்று அவள் கணக்காகச் சொல்லிவிட்டாள். அவரும் எல்லாவற்றுக்கும் சரி சரி என்றார். அவள் மேஜைமேல் கிடந்த நட்டு ஒன்றை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"தலைக்குப் போடுற எண்ணெயை மாத்தி மூணு மாசமாச்சு" என்றாள். "நீங்க ஒரு வார்த்தை சொல்லல. இருபத்தஞ்சு வருஷத்துல முதல் தடவை. சரி, நான் உங்களுக்கு அலுத்துப்போயிட்டேன் போலன்னு இருந்துட்டேன்."

ஒர்க்‌ஷாப்பைக் காப்பாற்றுகிறேன் என்று அவர் மூடி வைத்த விஷயம் இவளை எங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தெருவில் ஆள் போய்க்கொண்டிருந்ததை இரண்டு பேரும் பொருட்படுத்தவில்லை.

"எப்படி இருக்கும் அது? சொல்லு" என்றார்.

அவள் பின்னலை முன்னால் எடுத்துப்போட்டு மோந்து பார்த்தாள். யோசித்தாள். "பழையதை மாதிரி காட்டம் இல்ல" என்று ஆரம்பித்தாள், அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.