ராணி வீட்டுக்கு வழி

மருதைக்கு வாய் கொஞ்சம் நீளம். கல்யாணமான புதிதில், "திருச்சியில ராணி மங்கம்மா அரண்மனையை மூலை முடுக்கெல்லாம் பாத்திருக்கேன்" என்று செல்லக்கிளியிடம் அளந்துவிட்டிருந்தான். தங்க ஊஞ்சலாம், ஆளுயரக் கண்ணாடியாம், வாசலில் இரண்டு பீரங்கியாம். பன்னிரண்டு வருஷம் கழித்து, ஐம்பத்தெட்டாம் வருஷத்துத் தை மாதம், அந்தப் புளுகு முசிறி பஸ்ஸில் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தது. இன்றைக்குக் காட்டியே ஆகவேண்டும் என்று செல்லக்கிளி கிளம்பிவிட்டாள்.

அரண்மனை எந்தப் பக்கம் என்றே அவனுக்குத் தெரியாது. மலைக்கோட்டையை ஒட்டித்தான் இருக்கும் என்று ஒரு குருட்டு நம்பிக்கை. ராணி வீடென்றால் மதில் இருக்காதா, கண்ணில் படாமலா போகும்? கடைவீதியை இரண்டு சுற்று சுற்றியும் படவில்லை.

"என்னங்க, மூலை முடுக்கெல்லாம் பாத்தவரு இப்படி முழிக்கிறீங்க?"

"வாசலை மாத்திட்டாங்க போல, புள்ள."

பொய்க்கு மேல் பொய். மானம் போகப் போகிறது.

அவள் வளையல் பார்க்க நின்ற சமயம், அத்தர் கடை ஷேக் தாவூதிடம் மெல்ல வழி கேட்டான். "அந்த வளைவுக்குள்ள போங்கண்ணே, அதான்" என்றார் அவர். எட்டிப் பார்த்தால், நில வழக்குக்காக நாலு வருஷமாக மாதம் தவறாமல் அவன் வந்து கால் கடுக்க நிற்கும் சர்க்கார் ஆபீஸ்! பட்டணத்துக்காரர் கிண்டல் பண்ணுகிறார் என்று ரோஷம் வந்து, பூக்காரி ரோசரியைக் கேட்டான். அவளும் அதே வளைவைக் காட்டினாள்; வளையல் கடையிலிருந்து வந்த செல்லக்கிளியும் அதைப் பார்த்துவிட்டாள். ஊரே கூடிக்கொண்டு தன்னை ஏய்க்கிறதா என்று அவனுக்குத் தலை சுற்றியது.

"இது நம்ம கேஸ் நடக்குற ஆபீஸு புள்ள. தப்பா சொல்றாங்க."

"எல்லாரும் இங்கதானே காட்டுறாங்க, வாங்க" என்று செல்லக்கிளி முன்னால் நடந்தாள்.

படியேறியதும் பழக்கம் அவனைப் பிடித்துக்கொண்டது. செருப்பை ஓரமாக விட்டான். தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கினான். தரையைப் பார்த்து நின்றான். அந்தத் தரை அவனுக்கு அத்துப்படி. ஒரு கல்லில் மசிக்கறை, அடுத்த கல்லில் விரிசல்.

"ஏங்க, மேல பாருங்க."

பார்த்தான். தலைக்கு மேலே அகன்ற குவிமாடம். அதைச் சுற்றி வளைவு வளைவாகச் சுண்ணாம்பு வேலை. கீழே காகிதக் கட்டுகள் அடைத்த அலமாரிகள் மட்டும்தான் ஆபீஸ்; மற்றதெல்லாம் ராணியின் அரண்மனை.

"நாலு வருஷமா வந்து நின்னீங்களே, ஒரு தடவைகூட நிமிந்து பாக்கலியா?"

இங்கே நிமிரலாம் என்று அவனுக்குத் தோன்றியதே இல்லை.

"தங்க ஊஞ்சலெல்லாம் புளுகு, புள்ள."

"அது முசிறிக்கே தெரியும்."

பியூன் பிலோமின்ராஜ் வந்துவிட்டார். "என்ன மருதை, உன் தேதி அடுத்த வெள்ளிக்கிழமையில்ல? இன்னிக்கு யாரைப் பாக்கணும்?"

வழக்கம்போல முதுகு வளையப் பார்த்தது. மருதை கக்கத்துத் துண்டை எடுத்து, உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

"யாரையும் இல்லீங்க. ராணி வீட்டைப் பாக்க வந்தோம்."