தொண்ணூற்று மூன்று சதவீத உழைப்பு

மூன்றாம் மாடி மாப்பிள்ளையிடம் சோப்புப் பெட்டி அளவில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. ஒரே பலகையில் எல்லாம் அடக்கம். அடுக்குமாடியின் வாசல் கேட்டை அதனோடு இணைத்து, கார் வந்தால் தானே திறக்கும்படி செய்திருந்தார். மாமனார் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறவருக்கு வெளியில் சொல்லிக்கொள்ள ஒரு வேலை வேண்டாமா? காவல்காரரின் சாவி பிடுங்கப்பட்டது. அன்றிலிருந்து மாப்பிள்ளை லிஃப்டில்கூட நட்டநடுவில்தான் நிற்பார்.

கேட்டும் சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. இவருக்குத்தான் கை சும்மா இருக்கவில்லை. பெட்டிக்குள் மூளையாக இருக்கும் பிராசஸர் எவ்வளவு பாடுபடுகிறது என்று நாலு பேர் பார்க்க வேண்டுமாம். அதை ஓயாமல் அளந்து டிவியில் கலர் கலராகக் கோடு போட்டுக் காட்டும் ஒரு புரோகிராமை அதே பெட்டியில் ஏற்றினார்.

"தொண்ணூத்தி மூணு சதவீதம், மாமா. பாவம், மூச்சு விட நேரமில்ல அதுக்கு."

செய்தி பார்க்க முடியாமல் போன மாமனார், யாருக்குப் பாவம் என்று கேட்கவில்லை.

அதற்குப் பிறகு கார் வந்து, ஹார்ன் அடித்து, ஓட்டுகிறவர் கொட்டாவி விட்டு முடித்த பின்தான் கேட் அசைந்தது. குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் அம்மா படியேறி வந்து, ஞாயிற்றுக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் சாவி பழையபடி காவல்காரரிடம் என்று சொல்லிவிட்டுப் போனார். மாப்பிள்ளை நாற்காலியை டிவிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். மறுபடியும் வெறும் மாப்பிள்ளை ஆவதா?

"ஏங்க, இந்தக் கோடு வந்ததுலேர்ந்துதானே கேட்டு மக்கர் பண்ணுது?" என்றாள் மனைவி. "மூடித்தான் பாருங்களேன்."

மூடினார். கீழே ஒரு கார் வந்தது. கேட் சட்டென்று திறந்தது. வேறு யாராக இருந்தாலும் அதோடு எழுந்து போய்ப் படுத்திருப்பார்கள். ஆனால் பாரம் குறைந்ததைக் கண்ணால் பார்க்காமல் எப்படி நம்புவது? அந்தக் கோட்டு புரோகிராமை மறுபடி திறந்து பார்த்தார். தொண்ணூற்று மூன்று.

"பாத்தியா? குறையவே இல்ல," என்று ஜெயித்த முகத்தோடு திரும்பினார். காரணத்தைக் கண்டுபிடித்தே தீருவதென்று, இன்னும் நுணுக்கமாக அளக்க இரண்டாவது கோடு ஒன்றையும் ஓடவிட்டார்.

ஞாயிறு காலை செயலாளர் அம்மாவின் கார் கேட்டுக்கு வெளியே நின்றது. நின்றதென்றால் நின்றேவிட்டது. மேலே டிவியில் தொண்ணூற்றொன்பது. காவல்காரர் சாவியை வாங்கி ஒரே தள்ளில் கேட்டைத் திறந்துவிட்டார். கேட்டுக்குப் போன ஒயரைச் செயலாளர் அம்மாவே கழற்றி, சுருட்டி, மாமனாரிடம் கொடுத்தனுப்பினார்.

சாயங்காலமும் மாப்பிள்ளை டிவிக்கு எதிரில்தான். கோடுகள் உச்சியிலேயே ஓடிக்கொண்டிருந்தன.

"கேட்டுதான் போயிடுச்சே," என்றாள் மனைவி. "வேலை வெட்டி இல்லாம இதுக்கு என்னங்க இவ்ளோ களைப்பு? இந்த வீட்டுல ஏற்கெனவே ஒண்ணு அப்படி இருக்கறது போதாதா?"

அவர் காதில் முதல் கேள்வி மட்டும்தான் விழுந்தது.

"அதான் எனக்கும் புரியல," என்றார் மாப்பிள்ளை. "அளந்து பாத்தாதான் தெரியும்."

மூன்றாவது கோட்டைத் திறந்தார்.