ஊளையிட்ட குழாய்

"உங்க குழாய் ஊளையிடுது, வந்து பாருங்க" என்று தச்சுப் பட்டறையிலிருந்து போன் வந்தபோது வடிவமைப்பாளருக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. உள்ளே சுருள் கம்பி வைத்து, எப்படி வளைத்தாலும் நசுங்காத குழாய்களை வடிவமைப்பவள் அவள். கிழிந்தது, பிய்ந்தது என்று புகார் வருவதுண்டு. ஊளை புதிது. ஆவல் தாங்காமல் அன்றே கிளம்பிவிட்டாள்.

பட்டறையை நடத்தியவர்கள் ஒரு அக்காவும் தம்பியும். ரம்பத்தடியிலிருந்து மரத்தூளை உறிஞ்சிச் சுவரோரத்துப் பைக்குக் கொண்டுபோனது அந்தக் குழாய். அக்கா இயந்திரத்தை முடுக்கியதும் 'ஊ'வென்று கிளம்பியது சத்தம்.

"கேட்டீங்களா? மண்டைய குடையுது!"

"உன் கத்தலுக்கு இது எவ்வளவோ தேவல" என்றான் தம்பி.

வடிவமைப்பாளர் குழாய்க்குள் விரலை விட்டுத் தடவினாள். கம்பி சுற்றிய இடமெல்லாம் சீரான மேடு. காற்று அவற்றில் தட்டித் தட்டிப் போவதால்தான் ஊளை. குழாய் வாயை உள்ளங்கையால் பாதி மூடினாள், சத்தம் நின்றது. எடுத்தாள், மறுபடி ஊ. குழந்தை மாதிரி இதையே திரும்பத் திரும்பச் செய்தவளை அக்கா ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

மேடுகளை மறைக்க உள்ளே மெல்லிய வழவழப்பான உறை கொடுத்துப் புதுக் குழாய் செய்து அனுப்பினாள். சத்தம் கப்சிப்.

சில நாளில் தம்பி கூப்பிட்டான். "மேடம், பை ரொம்பினதே தெரியாம அறுத்துத் தள்ளிட்டோம். ரெண்டு பேரும் மாவுல பொரண்ட மாதிரி நிக்கிறோம்!"

அவளுக்குச் சட்டென்று பிடிபட்டது. பை நிரம்பினால் காற்று குறையும், ஊளை நிற்கும். இதுவரை அது நின்றதும் இருவரில் ஒருவர் போய்ப் பையை உதறியிருக்கிறார். அந்தச் சத்தத்துக்குக் காது கொடுத்திருந்தது அவர்களுக்கே தெரியவில்லை.

மேடுள்ள பழைய வகைக் குழாயில் ஒரு துண்டை எடுத்துப்போய், கொஞ்சம் வெட்டிப் புதுக் குழாயின் நடுவில் இணைத்தாள். சன்னமாக முனகியது.

"இந்த அளவு போதும்" என்றாள் அக்கா, தலையில் இன்னும் தூளோடு.

மிச்சத் துண்டோடு தெருவுக்கு வந்தவள், ஆள் நடமாட்டம் இல்லை என்று பார்த்துக்கொண்டு, அதைத் தலைக்கு மேல் சுழற்றினாள். பாடியது. வேகம் கூட்டினால் சுருதி ஏறியது. இன்னும் எவ்வளவு ஏறும்? தோள்பையைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.